விசையின் எடை

மலைவேட்டைக்கென்று செய்யப்படும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிகள் ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே வருகின்றன. பின்லாந்தில் தயாராகும் டிக்கா டி3எக்ஸ் லைட் சுமார் 3 கிலோ. அமெரிக்க கிம்பர் நிறுவனத்தின் மவுன்டன் அசென்டின் சில வகைகள் இரண்டேகால் கிலோவைக்கூட எட்டுவதில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலச் செங்குத்துச் சரிவுகளில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஏறி இறங்குகிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் தெரியும். அதனால் குழலை மெலிதாக்கினார்கள். மரக்கட்டையை எடுத்துவிட்டுக் கார்பன் இழைக் கட்டை வைத்தார்கள். தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டின் உடலில்கூடப் பள்ளம் வெட்டி எடையைக் குறைத்தார்கள்.

விசை மட்டும் நெடுநாள் கனமாகவே இருந்தது. வழக்குகளுக்கு அஞ்சிய அமெரிக்கத் தயாரிப்பாளர்கள், இரண்டரைக் கிலோ, சில சமயம் மூன்று கிலோ அழுத்தம் கொடுத்தால்தான் விடுபடும் விசைகளைப் பொருத்தி விற்றார்கள். துப்பாக்கியின் எடையும் அதைச் சுட விரல் கொடுக்க வேண்டிய அழுத்தமும் ஒன்றாகிவிட்டால், விரல் விசையை மட்டும் இழுப்பதில்லை, துப்பாக்கியையே இழுக்கிறது. குழலின் நுனி ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், 200 மீட்டர் தள்ளி நிற்கும் மானிடம் அது ஓர் அடியாகிவிடும். நுரையீரலில் பாய்ந்து சில நொடிகளில் உயிரைப் போக்க வேண்டிய தோட்டா வயிற்றில் பாயும். அந்த மான் புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

ஆகவே வேட்டைக்காரர்கள் விசையை மாற்றுகிறார்கள். 1946 முதல் இதே தொழிலாக இருக்கும் டிம்னி, கனடாவின் ட்ரிகர்டெக் போன்ற நிறுவனங்கள் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான அழுத்தத்தில் இழுபடாமல் நெளியாமல் ‘டக்’கென்று விடுபடும் விசைகளைத் தனியாக விற்கின்றன. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது போதும்.

பார்க்கப்போனால் இது பட்டறை வேலைதான். ஆனால் ஓர் உயிரைப் போக்குவதற்கும் போக்காமல் விடுவதற்கும் நடுவில் இருக்கும் தடையின் அளவை ஒரு மனிதர் திருப்புளியால் கூட்டிக் குறைக்கிறார். செயல் என்பது எங்கே தொடங்குகிறது, அறியாமல் நேர்ந்ததற்கு யார் பொறுப்பு என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சமயங்களும் தத்துவங்களும் கேட்டுவந்த கேள்வி அந்தத் திருப்புளியின் முனையில் வந்து நிற்கிறது.

முதலில் அந்தப் பொறியைக் கொஞ்சம் அருகில் பார்த்துவிடலாம். போல்ட்டை இழுத்து மூடும்போது, தோட்டாவின் பின்புறத்தைக் குத்த வேண்டிய ஊசி, சுருள்வில்லின் அழுத்தத்தோடு பின்னால் நிறுத்திவைக்கப்படுகிறது. அதைப் பிடித்து நிறுத்தும் சிறு எஃகுத் துண்டுக்கு சியர் என்று பெயர். அந்த சியர் கீழே விழாமல் தாங்குவது விசையின் ஒரு விளிம்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான். விரல் இழுக்க இழுக்க அந்த விளிம்பு நகர்கிறது. கடைசி இழையும் விலகியதும் சியர் விழுகிறது, ஊசி பாய்கிறது. சரிசெய்யத்தக்க விசைகளில் பொதுவாக மூன்று திருகுகள் இருக்கும். ஒன்று வில்லின் அழுத்தத்துக்கு, ஒன்று விளிம்பு உட்காரும் அகலத்துக்கு, ஒன்று விடுபட்ட பிறகு விசை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு. இரண்டாவது திருகுதான் ஆபத்தானது. அதை ஆசைப்பட்டு அதிகம் முடுக்கினால் துப்பாக்கி கீழே தட்டுப்பட்டாலே சியர் நழுவிவிடும்.

பொறுப்புள்ள பட்டறைக்காரர் விசையை மாற்றியபின் தோட்டா இல்லாத துப்பாக்கியின் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் பலமுறை ஓங்கித் தட்டிப் பார்ப்பார். போல்ட்டை வேகமாக அறைந்து மூடுவார். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை இழுப்பார், விரலை எடுப்பார், பிறகு பூட்டை விலக்குவார். இத்தனையிலும் ஊசி ஒருமுறைகூடப் பாயக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் திருகு அசையாதிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து மூடுவார். இந்த வேலைகள் நடக்கும்போது அருகில் விலங்கும் இல்லை, காடும் இல்லை. அறம் சார்ந்த வேலையில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

அரிஸ்டாட்டில் தம் நிக்கமாக்கிய அறநூலின் மூன்றாம் புத்தகத்தில் விரும்பிச் செய்தது எது, விரும்பாமல் நேர்ந்தது எது என்று ஆராய்கிறார். அறியாமையால் நேர்ந்தவற்றுக்கு அவர் அடுக்கும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கும்: கவண்பொறி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட நினைத்த ஒருவன் அதை ஏவிவிட்டான். துப்பாக்கி பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தவறி விடுபட்ட விசை தத்துவத்துக்குள் வந்துவிட்டது. அவன் விரும்பிச் செய்யவில்லை என்று அரிஸ்டாட்டில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்கு அவர் ஒரு நிபந்தனை வைக்கிறார். செய்தவன் பின்னர் வருந்த வேண்டும். வருந்தாதவனை ‘விரும்பாமல் செய்தவன்’ என்று அழைக்க அவருக்கு மனமில்லை. அதே புத்தகத்தில் சற்றுத் தள்ளி இன்னொன்றும் சொல்கிறார்: அறிந்துகொள்ள முடிந்ததை அசட்டையால் அறியாமல் இருந்தவன் தண்டனைக்குரியவன்.

அவருக்கு முன்பே ஏதென்ஸ் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. விளையாட்டுத் திடலில் எறியப்பட்ட ஈட்டி ஒருவன்மேல் பாய்ந்து அவன் இறந்துபோனான். குற்றம் ஈட்டியுடையதா, எறிந்தவனுடையதா, போட்டியை நடத்தியவர்களுடையதா என்று பெரிக்ளீஸும் புரோத்தகோரஸும் ஒரு பகல் முழுக்க வாதிட்டதாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மனிதரைக் கொன்ற உயிரற்ற பொருள்களை விசாரித்து எல்லைக்கு வெளியே எறிய அந்த நகரத்தில் தனி நீதிமன்றமே இருந்தது. கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால் கருவியும் கொலையில் பங்கெடுக்கிறது என்ற அந்தப் பழைய உணர்வைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது.

விவிலியத்தின் உபாகமம் 19ஆம் அதிகாரம் இன்னும் நேராகப் பேசுகிறது. இருவர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவர் கோடரியை ஓங்கும்போது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவர்மேல் விழ, அவர் இறந்துபோகிறார். பகை இல்லை, நோக்கம் இல்லை. இப்படிப்பட்டவர் பழிவாங்க வருபவரிடமிருந்து தப்பி அடைக்கல நகரம் ஒன்றுக்கு ஓடிப்போகலாம் என்கிறது சட்டம். கொலைகாரர் அல்ல என்று விடுவிக்கிறது. ஆனால் ஒன்றுமே நடக்காததுபோல் வீட்டுக்குப் போக விடவில்லை. சில அதிகாரங்கள் கழித்து அதே நூல், வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. கோடரியின் இரும்பும் மாடியின் சுவரும் சேர்ந்து ஒரு முழுமையான சிந்தனையாகின்றன. விபத்துக்குப் பிறகு இரக்கம், விபத்துக்கு முன்பு கண்டிப்பு.

2000 அக்டோபர். மொன்டானாவில் ஒரு குடும்பம் வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. தாய் ரெமிங்டன் 700 துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுக்க முனைந்தார். அந்தப் பழைய அமைப்பில் பூட்டை விலக்கினால்தான் போல்ட்டைத் திறக்க முடியும். குழலை ஆளில்லாத பக்கம் என்று தோன்றிய திசையில், குதிரை ஏற்றும் வண்டியை நோக்கித் திருப்பிவைத்துப் பூட்டை விலக்கினார். விசையில் விரல் படவே இல்லை என்று அவர் சொன்னார். துப்பாக்கி வெடித்தது. வண்டியைத் துளைத்துச் சென்ற தோட்டா அதன் மறுபக்கம் இருந்த ஒன்பது வயது மகனைக் கொன்றது.

அந்த விசையை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். ரெமிங்டன் நிறுவனத்தில் பணியாற்றியவர். துல்லியச் சுடுதலில் பெயர்பெற்றவர். வேட்டைத் துப்பாக்கியிலும் போட்டித் துப்பாக்கியின் நேர்த்தி வேண்டும் என்று அவர் விரும்பினார். அவரது விசையில் சியரைத் தாங்கும் விளிம்பு தனியான ஒரு சிறு துண்டாக, விசையின் உடலோடு ஒட்டாமல் வில்லின் அழுத்தத்தில் சாய்ந்து நின்றது. சுடும்போது மிக மென்மையாக இருந்தது. ஆனால் அந்தத் துண்டுக்கும் உடலுக்கும் நடுவே அழுக்கோ உறைந்த எண்ணெயோ சேர்ந்தால் அது தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்பதுதான் வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். 1940களின் பிற்பகுதியிலேயே வாக்கர் பாதுகாப்பு குறித்து நிறுவனத்துக்குள் எழுதினார். ஒரு மாற்றத்தையும் முன்மொழிந்தார். ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதலாகும் என்பதால் அது கைவிடப்பட்டது என்று 2010இல் சிஎன்பிசி தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று தெரிவித்தது. விசை பாதுகாப்பானது, கையாண்டவர்களும் திருகுகளைத் தாங்களே மாற்றியவர்களும்தான் விபத்துகளுக்குக் காரணம் என்று நிறுவனம் தொடர்ந்து மறுத்துவந்தது. 2006இல் வந்த புதிய விசையிலும் சிக்கல் எழுந்தது: பொருத்தும்போது ஒட்டுப்பசை கூடுதலாகப் பூசப்பட்டதால் துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும் என்று கூறி 2014 ஏப்ரலில் நிறுவனமே அவற்றைத் திரும்பப் பெற்றது. 2017இல் அமெரிக்க நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சமரசம், சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளைத் தொட்டது.

இங்கே குற்றவாளி யார் என்று நீதிமன்றங்கள் தீர்மானிக்கட்டும். தத்துவத்துக்கு அந்தத் தாயின் நிலைதான் முதன்மையானது. அவர் எதையும் விரும்பவில்லை. குழலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூட யோசித்தார். ஆனாலும் ‘என் தவறில்லை’ என்று எந்தத் தாயால் சொல்லிவிட்டு நகர முடியும்? பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய ‘அறநெறி அதிர்ஷ்டம்’ பற்றிய கட்டுரையில் இப்படிப்பட்ட வருத்தத்தைத்தான் ஆராய்ந்தார். தன் பிழை சிறிதும் இல்லாமல் ஒரு குழந்தையின்மேல் வண்டி ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநர்தான் அவருடைய எடுத்துக்காட்டு. வேடிக்கை பார்த்தவர்களின் வருத்தமும் ஓட்டுநரின் வருத்தமும் ஒன்றல்ல. அவரைத் தேற்றுவோம், ஆனால் அவர் சட்டென்று தேறிவிட்டால் நமக்கே ஏதோ உறுத்தும். குற்றம் இல்லாத இடத்திலும் செயலுக்குச் சொந்தம் உண்டு என்று வில்லியம்ஸ் காட்டினார்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் திருவாரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. இளவரசனின் தேர்க்காலில் கன்று தானாக வந்து பாய்ந்தது. அமைச்சர்கள் அதையே எடுத்துச் சொன்னார்கள். கழுவாய் செய்துவிடலாம் என்றார்கள். பெரியபுராணத்தின் மனுநீதிச் சோழன் பசுவின் துயரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டு மகன்மேல் தேரைச் செலுத்தினான். இதே போன்ற கதை இலங்கையின் மகாவம்சத்தில் எல்லாளன்மேலும் ஏற்றிச் சொல்லப்படுகிறது. அந்தத் தீர்ப்பை இன்று எந்த நீதிபதியும் எழுதக் கூடாது. தெரியாமல் நேர்ந்த சாவுக்கு இன்னொரு சாவு நியாயமாகாது. ஆனால் கதைக்குள் இருக்கும் பிடிவாதம் மதிக்கத்தக்கது. ‘அறியாமல் நடந்தது’ என்ற வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடாது என்று அந்த அரசன் நம்பினான். தேர் ஓட்டுகிறவனுக்குத் தெரு முழுவதும் பொறுப்பு.

நோக்கமே செயல் என்று சொன்ன மரபும் நம் மண்ணில் வலுவானது. பௌத்த உரையாசிரியர்கள் கொலைக்கு ஐந்து கூறுகளை வகுத்தார்கள்: உயிர் ஒன்று இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அதனால் சாவு நேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் முழுக் கொலை இல்லை. மொன்டானாவின் தாய்க்கு இந்தக் கணக்கில் கொலைப்பழி அறவே இல்லை. ஆறுதலான, நியாயமான கோட்பாடு. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் புத்தரும் சமணச் சீடர் ஒருவரும் உடலால் செய்யும் வினை பெரிதா, மனத்தால் செய்யும் வினை பெரிதா என்று வாதிடுகிறார்கள். புத்தர் மனத்தின் பக்கம் நிற்கிறார்.

சமணத்தின் பதில் இன்னும் நுட்பமானது. விசை விவகாரத்தில் அதுவே கூடுதல் பொருத்தமும் உடையது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொலையை வரையறுக்கும்போது, கவனமின்மை தூண்ட உயிரைப் போக்குவது என்கிறது. குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் ஒரு படி மேலே போகிறார். கவனத்தோடு அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி தற்செயலாக இறந்தால் அவரைக் கொலைவினை கட்டாது. அசட்டையாக நடப்பவன் காலடியில் ஒன்றும் சாகாவிட்டாலும் அவன் கொலை செய்தவனே. இந்தக் குந்தகுந்தர் வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையில் தவமிருந்தார் என்பது மரபு; அங்கே அவருடைய பாதச் சுவடுகள் இன்றும் வணங்கப்படுகின்றன.

அசட்டையாக விசையின் திருகை முடுக்கியவரைக் குந்தகுந்தரின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் துப்பாக்கியால் ஒன்றும் நேரவில்லை. பத்து ஆண்டுகள் காட்டுக்குப் போய் வந்தார், யாருக்கும் அடிபடவில்லை. நோக்கத்தை மட்டும் பார்க்கும் கோட்பாடு அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. விளைவை மட்டும் பார்க்கும் சட்டமும் அவரைத் தேடி வராது. சமணம் ஒன்றுதான் அவரைத் தடுத்து நிறுத்தி, ரப்பர் விரிப்பில் தட்டிப் பார்த்தாயா என்று கேட்கிறது. பௌத்தத்துக்கும் விழிப்பு உயர்ந்த குணமே. ஆனால் விழிப்பின்மையைக் கொலையின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்தது சமணம். வேட்டையை அடியோடு வெறுத்த ஒரு சமயம் வேட்டைத் துப்பாக்கிக்கு மிகச் சரியான அளவுகோலைக் கொடுப்பது வியப்புதான்.

இந்த விழிப்புக்கு நேர் எதிரான ஓர் ஈர்ப்பும் உண்டு. நல்ல சுடுகலை ஆசிரியர்கள் பலரும் ஒரே பாடத்தைச் சொல்லித்தருவார்கள்: ‘இப்போது’ என்று முடிவெடுத்து விசையை வெடுக்கென்று இழுக்காதே, அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போ, அது எப்போது விடுபடுகிறது என்று உனக்கே தெரியக் கூடாது. அறிந்து இழுத்தால் உடல் முன்கூட்டியே சுருங்கும், குறி தவறும். அதாவது மிகச் சிறந்த குறி, சுடுபவருக்கே சிறு திகைப்பாக அமைய வேண்டும். அப்படியானால் அந்தக் கணத்தில் சுட்டது யார்?

ஓய்கன் ஹெரிகெல் என்ற ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் 1920களில் ஜப்பானின் செண்டாய் நகரில் அவா கென்ஸோவிடம் வில்வித்தை கற்றார். அம்பை நீ விடாதே, ‘அது’ தானே விடுபடட்டும் என்று குரு சொன்னதாக 1948இல் வெளியான நூலில் எழுதி உலகப் புகழ் பெற்றார். அவா கென்ஸோ ஜென் பயிற்சியாளரே அல்லர், மொழிபெயர்ப்பாளரின் வழியாகப் பல குழப்பங்கள் நேர்ந்தன என்று யமடா ஷோஜி என்ற ஜப்பானிய ஆய்வாளர் பின்னர் விரிவாக எழுதினார். அது ஒருபுறம் இருக்கட்டும். ‘நான் விடவில்லை, அது விடுபட்டது’ என்ற சொல்லாடல் வைக்கோல் இலக்குக்கு முன்னால் அழகாக இருக்கலாம். உயிருள்ள ஒன்றின் முன்னால் அது ஆபத்து. ஹெரிகெல் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் அந்த நூலின் ரசிகர்கள் மறக்கக் கூடாது. வில்வித்தை அவரை அங்கே கொண்டுபோகவில்லை. ஆனால் தன்னைத் துறப்பது பொறுப்பைத் துறப்பதாகிவிடாமல் காக்க அந்தக் கலை தானாக உதவவும் இல்லை.

திகைப்போடு விடுபடும் குறியில் கணம் மட்டும்தான் சுடுபவருக்குத் தெரியாதது. விலங்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது, தூரம் எவ்வளவு, காற்று எப்படி, விரலை எப்போது உள்ளே வைப்பது எல்லாமே அவர் எடுத்த முடிவுகள். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதை வெகு தெளிவாகக் கையாண்டார்கள். அம்பை எய்யும்போது, பழக்கிய நாயை ஏவும்போது இறைவன் பெயரைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அறிஞர்களின் பார்வையில் நாய் தானாகவே ஓடிப்போய்க் கொன்றது உண்ணத்தக்கதல்ல. நோக்கத்தோடு ஏவியிருக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி தவறி வெடித்த துப்பாக்கியால் விழுந்த மானும் உணவாகாது. ஓர் உயிரை எடுத்து உண்பவர் ‘நான்தான் எடுத்தேன், இன்னாரின் பெயரால் எடுத்தேன்’ என்று நின்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். ஹெரிகெலின் ‘அது’வுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது.

மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனையை இங்கே பலர் இழுப்பார்கள். கையை அசைக்க வேண்டும் என்ற விருப்பம் நினைவில் உதிப்பதற்கு அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் முன்பே மூளையில் அதற்கான மின்னேற்றம் தொடங்கிவிடுகிறது என்று அவர் கண்டார். அப்படியானால் சுதந்திர விருப்பமே இல்லையா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அந்த மின்னேற்றத்துக்கு வேறு விளக்கம் தரும் ஆய்வுகளும் வந்துவிட்டன. லிபெட்டே எடுத்த முடிவு பலருக்கு நினைவில்லை. தொடங்கிவிட்ட செயலைக் கடைசி நேரத்தில் மறுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதருக்கு உண்டு என்றே அவர் நம்பினார். வேட்டைத் துப்பாக்கியின் விசை அந்த மறுப்புக்கு இடம் தரும் கருவி. குறிவைத்த கணத்தில் மானின் பின்னால் அதன் குட்டி தலைகாட்டலாம். மரத்துக்குப் பின்னால் இன்னொரு வேட்டைக்காரரின் ஆரஞ்சு நிறச் சட்டை தெரியலாம். ஏறத்தொடங்கிய அழுத்தத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள விரலுக்கு இடம் வேண்டும்.

மேசைமேல் வைத்துச் சுடும் போட்டிகளில் ஐம்பது, அறுபது கிராம் அழுத்தத்துக்கே விடுபடும் விசைகள் உண்டு. அங்கே அது சரி. இலக்கு காகிதம், கை வெதுவெதுப்பு, எல்லோரும் பின்னால் நிற்கிறார்கள். மலையில் அது சரியல்ல. உறைபனியில் மரத்துப்போன விரல், அதன்மேல் கம்பளிக் கையுறை, ஏறிவந்த மூச்சிரைப்பு, விலங்கைக் கண்ட படபடப்பு. அந்த விரலுக்கு முந்நூறு கிராம் என்பது இல்லாததற்குச் சமம். சாவேஜ் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அக்யூட்ரிகர் இதற்கு நல்ல விடை ஒன்றைக் காட்டியது. விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்று. அதை விரல் முழுதாக அழுத்தியிருந்தாலொழிய, தட்டுப்பட்டு சியர் நழுவினாலும் ஊசி பாயாது. மென்மையும் தடையும் ஒரே இடத்தில் வாழ முடியும் என்று ஒரு பொறி நிரூபித்தது.

விசையை மென்மையாக்குவதற்குப் பின்னால் இருக்கும் கருணையையும் குறைத்துப் பேசக் கூடாது. ஸ்வீடனில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர், அடிபட்டுத் தப்பிய விலங்கைத் தேடப் பழக்கிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துசேர ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது விதி. பின்லாந்தில் மூஸ் வேட்டைக்குச் சுடும் தேர்வில் தேற வேண்டும். ஜெர்மானிய மரபில் வீழ்ந்த விலங்கின் வாயில் ஒரு பச்சைக் கிளையைக் கடைசி உணவாக வைப்பார்கள். நவம்பர் 3ஆம் தேதி புனித ஹூபர்ட்டின் பெயரால் வேட்டைக்காரர்களுக்கான திருப்பலியும் நடக்கும். மான் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு வேட்டை வெறியிலிருந்து திருந்தியவர் என்று சொல்லப்படுபவர் அந்த ஹூபர்ட். எடுக்கும் உயிருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு இவற்றிலெல்லாம் ஓடுகிறது. மூன்று கிலோ விசையோடு மல்லுக்கட்டி வயிற்றில் சுடுவது அந்தக் கடனை மறப்பதாகும். இதற்காகவே தரமான விசையை வாங்கிப் பொருத்துகிறவர் நல்ல காரியம் செய்கிறார்.

கொல்வதே தவறு, அதை நேர்த்தியாகச் செய்வதில் என்ன அறம் என்று கேட்பவர்கள் உண்டு. கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கிய குறளை வாசித்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வேட்டையைப் பெரும்பாலும் முடித்துவைத்துவிட்டன; அது நல்லதே. யூத மரபிலும் இதே கேள்வி எழுந்தது. 18ஆம் நூற்றாண்டு பிராகாவின் பெரிய யூத குரு யெகெஸ்கேல் லாண்டாவிடம், காடுகளுக்குச் சொந்தக்காரரான ஒருவர் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகலாமா என்ற கேள்வி வந்தது. சட்டம் நேராகத் தடுக்கவில்லை, ஆனால் பொழுதுபோக்குக்காகக் கொல்வது நம் முன்னோரின் வழியல்ல, அதோடு வேட்டைக்காரன் தன் உயிரையும் வீணாக ஆபத்தில் தள்ளுகிறான் என்று அவர் பதில் எழுதினார். கௌரவமான பதில். பொழுதுபோக்குக்காகச் சுடுகிறவருக்கு எவ்வளவு நல்ல விசையும் நியாயம் தராது.

ஆனால் குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்க ஒரு மானை எடுக்கும் மொன்டானா குடும்பத்திடம் ‘முதலில் வேட்டையை விடு, பிறகு விசையைப் பேசலாம்’ என்று சொல்வது பேச்சை முறிப்பதாகும். அவர்கள் நாளைக் காலையும் மலை ஏறப்போகிறார்கள். அவர்களோடு பேசத் தகுந்த அறம் ஒன்று வேண்டும். அது இதுதான்: வேட்டை விசை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும், அதற்குக் கீழே போகும் ஆசை வேட்டைக்காரருடையது அல்ல, போட்டியாளருடையது. விளிம்பு உட்காரும் அகலத்தைத் தயாரிப்பாளர் வைத்தபடி விட்டுவிட வேண்டும். தெரியாதவர் அந்தத் திருகைத் தொடக் கூடாது. பொருத்திய துப்பாக்கியைத் தட்டிப் பார்க்காமல் காட்டுக்குக் கொண்டுபோவது, யாருக்கும் அடிபடாவிட்டாலும், தவறு.

ரெமிங்டன் சமரசத்தின்படி இலவசமாக விசையை மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தவர்கள், உரிமை பெற்றவர்களில் மிகச் சிறு பங்கினரே. விண்ணப்பிப்பதற்கான காலக்கெடுவும் முடிந்துவிட்டது. பழைய விசையோடு லட்சக்கணக்கான துப்பாக்கிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகளுக்கு என்று கைமாறுகின்றன. பழைய பொருளாக வாங்கிப் புதிதாகக் குடியேறியவர்களும் பழகுகிறார்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ இதை வாசிக்கும் யாருடைய வீட்டிலாவது அப்படி ஒன்று இருந்தால், அடுத்த வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன் தேர்ந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, சொந்தச் செலவிலேனும், விசையை மாற்றிவிடுங்கள்.